புது பேட்டரி போட்டும் கார் ஏன் முக்குகிறது?

பழைய காரில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும் வந்தால் எல்லோரும் பழிபோடுவது பேட்டரியின் மேல்தான். ஓய்வில் அது 12.6 வோல்ட் காட்டினால், முதலில் துருவேறிய எர்த் இணைப்பைச் சந்தேகிப்பதே நியாயம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே வெப்பமாகிவிடும். “மல்டிமீட்டரில் தடையே தெரியவில்லையே?” எனலாம். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். இவ்வளவு நுண்ணிய தடை அதன் கண்ணில் படாது. ஒரே இழை மிஞ்சிய வயரும் அதற்கு நல்ல வயர்தான்! சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வோல்ட்டை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால், புது பேட்டரி வாங்கும் முன் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேயுங்கள்.