குறிப்பேடு கட்டும் கலை

தமிழில் ‘நூல்’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. நாம் படிக்கும் புத்தகமும் நூல். துணி நெய்யும் இழையும் நூல். இவ்விரண்டிற்கும் உள்ள உறவைச் சொல்லளவில் நிறுத்திவிடாமல், கண்ணாரக் கண்டு கையாரச் செய்து அறியலாம். தாள்களை மடித்து, இழையால் தைத்து, அட்டையிட்டுக் குறிப்பேடு ஒன்றைத் தாமே கட்டிப் பார்ப்பவர்க்கு அவ்வுறவு நன்கு விளங்கும். ஓய்வு நேரத்திற்கு ஏற்ற இனிய தொழில் இது. இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை, பொறிகளும் வேண்டுவதில்லை. பொறுமையும் அளவறிந்து செய்யும் கையுமே வேண்டும்.

‘கடையில் குறிப்பேடுகள் மலிவாகக் கிடைக்கும்போது இதனை நாமே செய்வானேன்?’ என்று நீங்கள் வினவலாம். எழுதியவை எல்லாம் நிலைப்பதில்லை என்பதே அதற்கு விடை. தனித்தாள்களில் எழுதியவை காற்றில் பறக்கும். பசையால் மட்டும் ஒட்டிய ஏடுகள் சில திங்களில் இதழ் இதழாக உதிரும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 ஆம் ஆண்டு தொடங்கி 1761 இல் தாம் மறையும் காலம்வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் வாழ்க்கையை அறிய அது பெருந்துணை புரிகின்றது. ஆயினும் அதன் சில பகுதிகள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றைப் போற்றும் அறிஞர்கள், கிடைக்காதவற்றை எண்ணி வருந்துகின்றனர். ஏட்டைக் காத்தல் எழுதுவோர்க்கு உரிய கடமைகளுள் ஒன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலை மடித்தால் முறியும் இயல்புடையது. ஆதலின் அவர்கள் ஓலைகளை ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டனர். ஒரு துளையில் கயிற்றைக் கோத்து, மற்றொரு துளையில் நாராசம் என்னும் கம்பியைச் செருகினர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துச் சுற்றிக் கட்டினர். இவ்வாறு கட்டியதே சுவடி. தாளோ மடித்தாலும் முறியாது. அம்மடிப்பின் வழியே ஊசியைச் செலுத்தித் தைக்கலாம். மடித்த தாள்களைத் தைத்துக் கட்டும் முறையில் பிறந்ததே இன்றைய புத்தகம்.

இம்முறையின் உறுதிக்கு ஒரு சான்று காண்போம். இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் புனித கத்பெர்ட்டின் நற்செய்தி நூல் என்னும் சிறு நூல் ஒன்று உள்ளது. உயரம் ஏறத்தாழ 14 செண்டிமீட்டர்; அகலம் ஏறத்தாழ 9 செண்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் அந்நூலை 1104 ஆம் ஆண்டில் புனித கத்பெர்ட்டின் பேழைக்குள்ளிருந்து எடுத்தனர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டதாக அறிஞர் கருதும் அதன் தோலட்டையும் தையலும் இன்றும் குலையாமல் உள்ளன. அரசுகள் பல தோன்றி மறைந்த காலம் முழுவதும் ஒரு மெல்லிய இழை தன் கடமையைச் செய்து வந்திருக்கின்றது!

இனி, 160 பக்கங்கள் கொண்ட குறிப்பேடு ஒன்றைக் கட்டும் முறையைப் பார்ப்போம். இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சிலவே. அளவுகோல், கூரிய கத்தி, குத்தூசி, தையல் ஊசி, உறுதியான பருத்தி நூல், சிறிதளவு தேன்மெழுகு, பசை தடவும் தூரிகை ஆகியவை போதும். இவற்றோடு 1½ செண்டிமீட்டர் அகலமுள்ள பருத்தி நாடா, 2 மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை, மேலுறைக்குரிய காலிகோ துணி, இடைவெளியுள்ள மெல்லிய வலைத்துணி ஆகியவற்றையும் வாங்கி வைத்துக் கொள்ளவேண்டும்.

முதலில் அறியவேண்டுவது தாளின் இழையோட்டம். மரத்திற்கு வைரம் ஓடுவதுபோலத் தாளிலும் நுண்ணிய நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். ஒரு தாளை எடுத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் அது எளிதாக வளையும். மற்றொரு திசையில் எதிர்த்து நிற்கும். எளிதாக வளையும்போது தோன்றும் மடிப்பு எத்திசையில் உள்ளதோ, அதுவே இழையோட்டத்தின் திசை. ஏட்டின் முதுகும் இழையோட்டமும் ஒரே திசையில் அமைதல் வேண்டும். மாறி அமையின் ஏடு விரித்த இடத்தில் நில்லாது. ஈரம் படும்போது தாள்கள் முதுகருகே அலையலையாகச் சுருங்கும். அட்டைக்கும் இவ்விதி பொருந்தும். பார்வைக்கு அழகாக இருந்தும் சில ஏடுகள் விறைத்து நிற்பதற்கு இதனை அறியாமையே காரணம்.

30 செண்டிமீட்டர் நீளமும் 20 செண்டிமீட்டர் அகலமும் உள்ள 40 தாள்களை, இழையோட்டம் 20 செண்டிமீட்டர்ப் பக்கத்தை ஒட்டி அமையுமாறு, பெரிய தாள்களினின்று வெட்டிக் கொள்க. ஐந்து ஐந்து தாள்களாகச் சேர்த்து நடுவில் மடித்தால் எட்டு மடிப்புக் கட்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு மடிப்பையும் எலும்புத் தகட்டாலோ, வழவழப்பான கரண்டிக் காம்பாலோ அழுத்தித் தேய்க்கவேண்டும். பின்னர் எட்டுக் கட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றி ஓரிரவு வைத்திருத்தல் நலம். மடிப்புக்குள் தங்கிய காற்று வெளியேறினால்தான் தையல் தளராது.

அடுத்தது துளையிடுதல். 20 செண்டிமீட்டர் நீளமுள்ள மடிப்பில் ஒரு முனையிலிருந்து 1½, 5, 6½, 13½, 15, 18½ செண்டிமீட்டர் தொலைவுகளில் ஆறு புள்ளிகள் குறித்து, குத்தூசியால் மடிப்பின் நடுவே துளையிடுக. எட்டுக் கட்டுகளிலும் துளைகள் ஒரே நேராக அமையவேண்டும். ஆதலின் ஓர் அட்டைத் துண்டில் இவ்வளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதனையே எல்லாக் கட்டுகளுக்கும் அளவாகக் கொள்க. நடுவிலுள்ள நான்கு துளைகளுள் இரண்டிரண்டுக்கு இடையே நாடாக்கள் நிற்கும்.

நூலைத் தேன்மெழுகின் மீது ஒருமுறை இழுத்துக் கொண்டால் அது சிக்குறாது. துளையிலும் இறுகப் பற்றும். முதற்கட்டின் முதல் துளையில் ஊசியை வெளியிலிருந்து உள்ளே செலுத்தி, நூலின் நுனியைச் சிறிது வெளியே விட்டு வைக்கவேண்டும். இரண்டாம் துளையில் வெளியே வந்து, நாடாவின் மேலாகச் சென்று, மூன்றாம் துளையில் உள்ளே புகுக. நான்காம் துளையில் வெளிவந்து, அடுத்த நாடாவின் மேலாகச் சென்று, ஐந்தாம் துளையில் புகுந்து, ஆறாம் துளையில் வெளியேறுக. இப்பொழுது இரண்டாம் கட்டை அதன்மேல் வைத்து, அதன் ஆறாம் துளையில் நுழைந்து, அவ்வாறே தைத்துக்கொண்டு முதல் துளைக்குத் திரும்புக. அங்கே வெளியே விட்ட நுனியோடு சேர்த்து முடிச்சிடவேண்டும். மூன்றாம் கட்டு முதலாக, ஒவ்வொரு கட்டின் இறுதியிலும் ஊசியைக் கீழுள்ள இரு கட்டுகளை இணைக்கும் இழைக்கு அடியில் நுழைத்து, உண்டாகும் கண்ணியின் வழியே இழுத்து இறுக்கியபின் மேலே செல்லவேண்டும். இவ்விணைப்புக் கண்ணி இல்லையேல் கட்டுகளின் முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும்.

நூலை எப்பொழுதும் மடிப்பின் போக்கிலேயே இழுத்தல் வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென இழுத்தால் துளை கிழிந்துவிடும். மிகத் தளர்ந்தால் ஏடு ஆடும். மிக இறுகினால் முதுகு வளையும். இந்த அளவைச் சொல்லால் உணர்த்த முடியாது. இரண்டு மூன்று ஏடுகள் கட்டியபின் விரல்கள் தாமே அறிந்து கொள்ளும்.

தையல் முடிந்தபின் பசை. ஒரு பங்கு மைதாமாவை ஐந்து பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறினால் கண்ணாடிபோல் மங்கலாகத் தெளியும் பசை கிடைக்கும். மாவுப் பசை இராமபாணப் பூச்சிக்கு இனிய உணவு. அதனைத் தடுக்க நூல் கட்டுவோர் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சாதலின் நீங்கள் அதனைக் கையாளுதல் வேண்டா. வேண்டிய அளவு பசையை அன்றன்று காய்ச்சிக் கொள்வதே போதும். இப்பசைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஈரப்படுத்தினால் அது இளகும். ஆதலால் பல ஆண்டுகள் கழித்து ஏட்டைச் செப்பனிட விரும்புவோர் தாளைக் கிழிக்காமல் பிரித்தெடுக்க இயலும்.

ஒருமுறை மடித்த வெண்தாள் ஒன்றை ஏட்டின் முன்னும், மற்றொன்றைப் பின்னும் மடிப்போரத்தில் மட்டும் பசையிட்டு ஒட்டுக. முதுகில் பசை தடவி, இருபுறமும் 2½ செண்டிமீட்டர் நீண்டிருக்குமாறு வலைத்துணியைப் பதிக்க. பின்பு 20.6 செண்டிமீட்டர் உயரமும் 14.7 செண்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு அட்டைகளையும், அதே உயரத்தில் முதுகின் கனத்திற்கு ஒத்த அகலமுள்ள அட்டைப் பட்டை ஒன்றையும் வெட்டுக. மேலுறைத் துணியில் பசை தடவி, பட்டையை நடுவிலும், அதன் இருபுறமும் 7 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அட்டைகளையும் வைக்கவேண்டும். அவ்விடைவெளியே கீலாக நின்று அட்டையைத் திறக்கவும் மூடவும் உதவும். சுற்றிலும் 2 செண்டிமீட்டர் துணியை விட்டு வெட்டி, உட்புறமாக மடித்து ஒட்டுக. உறை காய்ந்தபின் ஏட்டை அதனுள் வைத்து, நாடா முனைகளையும் வலைத்துணியையும் அட்டையின் உட்புறம் பதித்து, அவற்றின்மேல் வெண்தாளை ஒட்டிவிடுக.

இப்பொழுதே திறந்து பார்க்கவேண்டும் என்னும் ஆவல் எழும். அதனை அடக்குதலே இத்தொழிலில் கடினமான பகுதி. ஈரத்தால் விரிந்த துணியும் தாளும் காயும்போது சுருங்கி அட்டையைத் தம் பக்கம் இழுக்கும். வெளிப்புறத் துணி ஒரு பக்கமும் உட்புறத் தாள் மறுபக்கமும் இழுக்க, நடுவில் பாரம் அழுத்த, அட்டை நேராக நிற்கும். பாரத்தை விரைந்து நீக்கினால் அட்டை வளைந்துவிடும். ஈரம் உள்தாள்களில் பரவாதபடி மெழுகுத்தாளை இடையிட்டு, ஒரு நாள் முழுவதும் பாரத்தின்கீழ் வைத்திருங்கள்.

இவ்வாறு கட்டிய ஏடு ஒரு மனிதரின் வாழ்வையே மாற்றியதுண்டு. மைக்கேல் பாரடே 1791 இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். வறுமையால் பள்ளிக் கல்வி மிகுதியும் பெறாத அவர், 1805 இல், தம் பதினான்காம் அகவையில், இலண்டனில் ரீபோ என்பவரிடம் நூல் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தார். ஏழாண்டுகள் அங்கே தொழில் கற்றார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்து அறிவியலும் கற்றார். 1812 இல் கடைக்கு வந்துபோன ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டால், ராயல் நிறுவனத்தில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு பெற்றார். கேட்டவற்றை விரித்து எழுதினார், படங்கள் வரைந்தார், அத்தாள்களைத் தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டினார். பரிந்துரைப்பார் எவரும் இல்லாத அந்த ஏழை இளைஞர், அந்நூலையே தமக்குப் பரிந்துரையாக டேவிக்கு அனுப்பி வைத்தார். 1813 மார்ச்சில் ராயல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். காந்தத்தால் மின்சாரம் பிறப்பிக்கும் வழியை 1831 இல் அவரே கண்டு உலகிற்கு உணர்த்தினார்.

புகழ் பெற்றபின்னும் அவர் பழைய பழக்கத்தை விட்டாரல்லர். தம் ஆய்வுக் குறிப்புகளுக்கு ஒழுங்காக எண்ணிட்டு எழுதினார். அவ்வெண்கள் 16,000ஐக் கடந்தன. வெற்றியேயன்றித் தோல்வியையும் அவற்றில் மறையாது பொறித்தார். அக்குறிப்புகள் கட்டுக்குலையாமல் காக்கப்பட்டமையால் 1932 முதல் 1936 வரை ஏழு தொகுதிகளாக அச்சேறின.

மாணவர்களே! நீங்கள் கட்டும் முதல் ஏடு சற்றுக் கோணலாக இருக்கலாம், பசைக்கறையும் படலாம். அதனை எறிந்துவிடாதீர்கள். எவ்விடத்தில் பிழை நேர்ந்தது என்பதை அதன் முதற் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஏடு அதனினும் நன்றாக அமையும். பின்னர் உங்கள் ஊரில் மழை பெய்த நாள்களையும், வயல்வெளியில் கண்ட பறவைகளையும், பாட்டி கூறிய பழமொழிகளையும், உள்ளத்தில் எழும் ஐயங்களையும் அவ்வேட்டில் நாள்தோறும் எழுதி வாருங்கள். தாமே தைத்த ஏட்டில் பொருளற்ற சொற்களை எழுத எவர்க்கும் மனம் வாராது. கை செய்த தொழில் கருத்தையும் திருத்தும் வழி இதுவேயாகும்.