மோட்டார் வண்டிகளில் எர்த் கோளாறு

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் நான் பணியாற்றி வந்தேன். ஐப்பசி மாதம், அடைமழை. தாழ்வான குடியிருப்பு ஒன்றில் வெள்ளம் புகுந்துவிட்டதென்றும், அங்குள்ள முதியோரையும் குழந்தைகளையும் பள்ளிக் கட்டடத்திற்கு அழைத்து வரவேண்டுமென்றும் இரவு 11 மணிக்குச் செய்தி வந்தது. ஜீப்பில் ஏறி அமர்ந்தோம். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். 'டக்' என்ற ஒரே ஒலி. அதன் பின் மௌனம்.

அந்த வண்டிக்கு அவ்வாண்டில் மட்டும் புதிய பாட்டரி வாங்கப்பட்டிருந்தது, ஆல்டர்னேட்டர் மாற்றப்பட்டிருந்தது, ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றிப் பழுது பார்க்கப்பட்டிருந்தது. மூன்றுக்கும் பில்கள் கோப்பில் இருந்தன. வண்டிதான் நின்ற இடத்திலேயே நின்றது. ஊரார் பத்துப் பேர் மழையில் நனைந்துகொண்டே தள்ளிய பின்னர்தான் அது கிளம்பிற்று. முக்கால் மணி நேரம் கழிந்துவிட்டது. அன்றிரவு எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்றளவும் மறக்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் சிறு பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் யாதொரு கருவியையும் எடுக்கவில்லை. ஓட்டுநரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஆக்சிலரேட்டர் கேபிளின் மேல் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். கேபிள் சுட்டது. "ஐயா, பாட்டரியின் மேல் குற்றமில்லை. எஞ்சினுக்கு எர்த் இல்லை" என்றார். எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் செப்புப் பட்டையின் ஒரு முனை துருவேறி, இரண்டொரு இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டையை மாற்ற அரைமணி நேரம் கூட ஆகவில்லை.

ஒரே ஆண்டில் மூன்று உறுப்புகளும் பழுதானதற்குக் காரணம் யாது என்று தணிக்கையாளர் பின்னர் வினவினார். அதற்கு எழுதிய ஒரு பக்க விடையின் விரிவே இக்கட்டுரை எனலாம்.

'எர்த்' என்னும் சொல் பலரை மயக்குகிறது. வீட்டிலும் பம்புசெட்டிலும் எர்த் என்பது உண்மையாகவே மண்ணில் புதைத்த குழாய்க்குச் செல்லும் கம்பி. வண்டியோ ரப்பர்ச் சக்கரங்களின் மீது நிற்கிறது. அதற்கும் மண்ணுக்கும் மின் தொடர்பு இல்லை. வண்டியில் எர்த் என்பது இரும்பாலான சேசிஸும் பாடியுமே. பாட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் கம்பி வழியே விளக்கையோ மோட்டாரையோ அடைந்து, தன் வேலையை முடித்துவிட்டு, இந்த இரும்பின் வழியாகவே எதிர்முனைக்குத் திரும்புகிறது. போவதற்கு ஒரு கம்பி, வருவதற்கு ஒரு கம்பி என்று இரண்டு போடாமல், பாதிக் கம்பியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையையே சேசிஸில் இணைத்திருந்தனர். 1960களில் அவ்வழக்கம் மறைந்து, எதிர்முனையை இணைப்பதே பொதுவாயிற்று.

நஞ்சை நிலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வடிகால் அடைபட்டுவிட்டால், மதகை எவ்வளவு திறந்தாலும் நீர் வந்து தேங்குமேயன்றி ஓடாது. நம்மவர்கள் மதகை மட்டும் பார்க்கிறார்கள். அதாவது பாட்டரியையும், பியூஸையும், சுவிட்சையும் பார்க்கிறார்கள். வடிகாலைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. அது வண்டியின் அடியில் சேறும் துருவும் படிந்து கிடப்பதும் ஒரு காரணம்.

ஹாரன் ஒலிக்கிறது, விளக்கு பளிச்சென எரிகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் ஏன் சுற்றவில்லை என்று கேட்கலாம். சிறு கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். துருப்பிடித்த இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம், என்று கொள்வோம். 60 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் எரியும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரம் ஓடும். அந்த இணைப்பில் இழப்பது 0.1 வோல்ட். அது கண்ணுக்கே தெரியாது. டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரோ 200 ஆம்பியரும் அதற்கு மேலும் கேட்கும். 200 ஆம்பியருக்கு அதே இணைப்பில் 2 வோல்ட் போய்விடும். பாட்டரியின் 12 வோல்ட்டும் அவ்வேளையில் சுமையால் தாழ்ந்திருக்கும் என்பதையும் கருதினால், மோட்டாருக்கு எஞ்சுவது போதாதென்பது விளங்கும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் சேசிஸுடன் அதற்குத் தானாக மின் தொடர்பு ஏற்படுவதில்லை. பட்டை அறுந்தால் மின்சாரம் கியர், கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களின் வழியே திரும்பப் பார்க்கும். பெரியவர் கைவைத்துப் பார்த்தது அதைத்தான்.

விளக்குகளில் இக்கோளாறு வேறு கோலம் கொள்ளும். மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தால் இழை பல்பின் ஒளி ஏறத்தாழ முப்பது பங்கு குறைந்துவிடும். பின்விளக்குத் தொகுதியின் பொது எர்த் அறுந்தாலோ, பிரேக் விளக்கிற்கு வந்த மின்சாரம் பக்கத்து இழையின் வழியே வெளியேற முயலும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்குவதும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு கூடவே துடிப்பதும் இதனால்தான். முகப்பு விளக்கைப் போட்டவுடன் வெப்பமானியின் முள் எழுமானால், மீட்டர்ப் பலகையின் எர்த்தைச் சந்தேகிக்கலாம். பியூஸ் எரிந்துபோவது மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எர்த் கெட்டால் பொதுவாக மின்னோட்டம் குறையும். பியூஸ் எரிவதற்கு மின்னோட்டம் மிக வேண்டும். அதற்குக் கம்பி எங்கோ உராய்ந்து இரும்பைத் தொட்டிருக்க வேண்டும். 10 ஆம்பியர் பியூஸ் எரிந்த இடத்தில் 20 ஆம்பியர் போடுவதும், சிகரெட் பெட்டியின் தகட்டுத் தாளைச் சுற்றி வைப்பதும் வண்டிக்குத் தீ வைக்கும் வழிகள்.

சோதிப்பதற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டர் போதும். இதில் பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. எர்த் பட்டையின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துத் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்கள். 'பீப்' என்று ஒலித்ததும் நல்லதென்று விட்டுவிடுகிறார்கள். ஒற்றை இழை எஞ்சியிருந்தாலும் மீட்டர் ஒலிக்கும். சுமை ஏறியிருக்கும்போதுதான் குற்றம் வெளிப்படும். ஆகவே மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனைத் தண்டின் மீதே அழுத்த வேண்டும். அதைச் சுற்றியுள்ள கவ்வியின் மீதன்று. சிவப்பு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைத்து, மற்றொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு உண்டு. பிறகு சிவப்பு முனையைச் சேசிஸுக்கும், அங்கிருந்து கவ்விக்கும் படிப்படியாக நகர்த்தினால், எந்த இடத்தில் அளவு சட்டென்று விழுகிறதோ அந்த இடமே நோயின் இடம். விளக்குகளையும் இவ்வாறே அவை எரியும்போது சோதிக்கலாம், அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஓய்விலிருக்கும் பாட்டரி 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டினால் பாட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் அவசரப்பட்டுக் குறைகூற வேண்டியதில்லை.

மீட்டர் இல்லாத இடத்தில் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை எதிர்முனையிலிருந்து நேரே எஞ்சினுக்குக் கவ்வவிட்டுப் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் சுற்றிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும். கை பிரேக் போட்டிருக்க வேண்டும். துண்டின் நுனி பெல்ட்டின் அருகே தொங்கக்கூடாது.

பழுது பார்க்கையில் எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டவேண்டும். மாறாக நேர்முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் உரசினால் பொறி பறக்கும். பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். அந்நீர் பாட்டரியின் அறைகளுக்குள் இறங்கக்கூடாது. எர்த் போல்ட்டைக் கழற்றி, லக்கையும் அது அமரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கும் இரும்பைக் காணவேண்டும். முக்கிய விருந்தினர் வருகைக்கு முன் அலுவலக வண்டிகளுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெயிண்டர் எர்த் போல்ட்டின் இருக்கைக்கும் சேர்த்து அழகாக அடித்துவிடுவார். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அழகான வண்டி ஒரு மாதத்தில் முரண்டு பிடிக்கும். முறுக்கிப் பூட்டிய பின்னரே மேலே வாசலின் தடவவேண்டும்.

கம்பிகளை இணைக்கும் கப்ளர்களும் இதே கவனத்தை வேண்டுவன. குளத்தில் இறக்கிக் கழுவும் வண்டியிலும், வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற உப்பள வட்டாரங்களில் ஓடும் வண்டியிலும் கப்ளரின் உட்புறம் பச்சை படர்ந்திருக்கும். தொடர்பு தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும், சூட்டினால் பிளாஸ்டிக் பழுத்து உருகும், பின்னும் தளரும். பழுப்பேறிய கப்ளரைச் சுரண்டிப் பயனில்லை. பின்னையும் கூட்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஊக்கை உள்ளே குத்திச் சோதிக்கும் பழக்கம் பின்னின் பிடியை அகட்டிவிடும். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒரு மழைக்காலத்திற்கு மேல் தாங்குவது அரிது. கப்ளருக்கு வரும் கம்பியைச் சற்றுத் தாழ வளைத்துவிட்டால் நீர் கம்பி வழியே உள்ளே இறங்காமல் கீழே சொட்டிவிடும்.

இக்காலத்து வண்டிகளில் சென்சார்கள் பல 5 வோல்ட்டில் இயங்குகின்றன. எர்த்தில் தோன்றும் சிறு பிழையும் கணினியைக் குழப்பும். அவற்றின் கம்பிகளில் பழைய சோதனை விளக்கைக் குத்தலாகாது. காற்றுப்பைக்குரிய மஞ்சள் நிறக் கம்பியையும், மின்வாகனங்களின் ஆரஞ்சு நிறக் கம்பியையும் பயிற்சி பெறாதவர்கள் தொடவே கூடாது.

என் மனத்தை அதிகம் வருத்துவது டிராக்டர் டிரெய்லர்தான். தை, மாசி மாதங்களில் நெல் மூட்டைகளுடன் இரவில் சாலையோரம் நிற்கும் டிரெய்லர்களில் எத்தனைக்குப் பின்விளக்கு எரிகிறது? இருட்டில் அவற்றின் பின்னால் மோதி மாண்ட மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றிய செய்தி இல்லாத அறுவடைக் காலம் என் பணியில் இருந்ததில்லை. உரிமையாளர்கள் விளக்கு வாங்கிப் போடாமலில்லை. "போட்டு என்ன சார், நாலு நாளில் அணைந்துவிடுகிறது" என்பதே அவர்கள் முறையீடு. பல டிரெய்லர்களில் விளக்கிற்குக் கம்பி மட்டும் இழுத்து, திரும்பும் வழியை இணைப்புக் கொக்கியின் பின்னுக்கே விட்டிருக்கிறார்கள். அந்தப் பின்னில் கிரீஸும் துருவும். குண்டும் குழியுமான பாதையில் அது ஓயாது ஆடும். விளக்கு மினுக்கி மினுக்கிப் பின் அடங்கிவிடும்.

ஏழு முனைச் சாக்கெட்டில் ஒரு முனை எர்த்துக்கென்றே இருக்கிறது. அதிலிருந்து தனிக்கம்பி ஒன்றை ஒவ்வொரு விளக்கின் எர்த் முனைக்கும் கொண்டுசென்று, டிராக்டர் பக்கத்துச் சாக்கெட்டிலும் அம்முனையைச் சேசிஸில் தேய்த்துச் சுத்தம் செய்த போல்ட்டில் பூட்டிவிட்டால், கொக்கியின் தயவு தேவையில்லை. இக்கம்பி எல்லா விளக்குகளின் மின்சாரத்தையும் சுமப்பதால் மற்றவற்றைவிடத் தடித்ததாக இருக்கவேண்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையில் அதைத் தொய்வாக விடவேண்டும்; வரப்பருகே வண்டியை ஒடித்துத் திருப்பும்போது இறுக்கமான கம்பி அறுந்துவிடும்.