சுருட்டுக் குடும்பத்தின் வரலாற்றில் இடம்பெறாதவர்கள்

குடும்பத் தொழில் ஒன்றின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர், அவரது துணிவு, வாரிசுகள் என்ற வரிசையிலேயே எழுதப்படுகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டாம்பா நகரின் சுருட்டுத் தொழிலும் அவ்வாறே நினைவுகூரப்படுகிறது. சுருட்டுச் சுற்றிய கைகளின் பக்கமிருந்து அதை வாசித்தால் நமக்குக் கிடைக்கும் சித்திரம் வேறு.

ஸ்பெயினில் பிறந்த விசென்தே மார்த்தினெஸ் இபோர், ஹவானாவில் சுருட்டு முதலாளியாக உயர்ந்தவர். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1868இல் தொடங்கிய கிளர்ச்சியை ஆதரித்ததால் கியூபாவை விட்டு வெளியேறி, கீ வெஸ்ட் தீவில் ஆலை நடத்தினார். அங்கே வேலைநிறுத்தங்கள் தொடரவே, 1886இல் டாம்பாவுக்கு அருகே புதிய ஆலையை நிறுவினார். தொழிலாளர்களுக்கு வீடுகளைக் கட்டித் தவணையில் விற்றார். தவணை கட்டுபவர் எளிதில் வேலையை விட்டுப் போக மாட்டார் என்பது அதிலிருந்த கணக்கு. அந்த ஊருக்கே இபோர் சிட்டி என்று பெயராயிற்று.

ஆயினும் ஆலைக்குள் தொழிலாளர்கள் தமக்கென ஒரு பள்ளியை உருவாக்கிக்கொண்டனர். மேடையில் அமர்ந்த வாசிப்பாளர் செய்தித்தாள்களையும் நாவல்களையும் உரக்கப் படிப்பார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவருக்குக் கூலி கொடுத்தவர்களும் தொழிலாளர்களே. எழுத்தறியாதவரும் அரசியல் கற்ற இடம் அது. 1931இல் முதலாளிகள் வாசிப்பைத் தடை செய்தனர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் வாசிப்பாளர்கள் திரும்பவில்லை.

வெள்ளை நிறக் கியூபர்களும் கறுப்பினக் கியூபர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து சுருட்டுச் சுற்றினர். கியூப விடுதலைத் தலைவர் ஹொசே மார்த்தியை நஞ்சூட்டிக் கொல்ல முயற்சி நடந்தபின், அவரைத் தம் வீட்டில் வைத்துக் காத்தவர் பவுலினா பெத்ரோசோ என்ற கறுப்பினப் பெண். ஆனால் விடுதலைப் போர் முடிந்த கையோடு, 1900இல், கியூபர் சங்கம் நிறத்தால் பிளந்தது. வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் மார்த்தி, மாசேயோ என்ற இரு தலைவர்களின் பெயரால் தனிச் சங்கம் கண்டனர். அவர்கள் எழுப்பிய கட்டடம் 1965இல் நகரச் சீரமைப்பின் பெயரால் இடிக்கப்பட்டது. வெள்ளைக் கியூபர்களின் மன்றக் கட்டடமோ இன்றும் நிற்கிறது.

இந்தப் பிளவு நமக்குப் புதிதன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், தீட்டைக் காரணம் காட்டி, கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தலித்துகள் சேர்க்கப்படவில்லை. அந்த அநீதியை ஒழிக்கும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்தினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே தொழிலாளரின் எதிரிகள் என 1938இல் மன்மாடில் அவர் கூறியது இத்தகைய பட்டறிவிலிருந்து பிறந்ததே.

ஒரே மேசையில் உழைப்பதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதையே டாம்பாவும் பம்பாயும் நமக்குக் கற்பிக்கின்றன. ஆகவே ஒரு நிறுவனம் தன் குடும்பப் பெருமையைப் பேசும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: அங்கே உழைத்த குடும்பங்கள் எவை? அவற்றுள் எவை சங்கத்தின் வாசலிலும் நிறுத்தப்பட்டன?