உயிர்க்கோழியும் உள்ளூர் முட்டையும்

2022 ஜூன் முதல் நாள் மலேசியா தன் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. தீவன விலை ஏறி, அங்கேயே கோழி அரிதாகிவிட்ட நேரம் அது. தன் மக்களுக்கே முதலில் என்று ஓர் அரசு முடிவெடுத்ததைக் குறைகூற இயலாது. அதற்கு முந்திய ஆண்டில் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ 34 விழுக்காடு மலேசியாவினுடையது. அக்கோழிகள் பெரும்பாலும் உயிருடன் எல்லை கடந்து வந்து, இங்கே அறுக்கப்பட்டு ஈரச்சந்தையை அடைந்தவை. ஆகவே வரத்து நின்றபோது அறுப்புக்கூடங்களும் வேலையிழந்தன. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கலங்கினர். ஆயினும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. பிரேசிலின் உறைகோழி முன்பே வந்துகொண்டிருந்தது; அம்மாத இறுதியில் இந்தோனேசியக் கோழிக்கும் அனுமதி கிடைத்தது. சுவை மாறியதென்று முணுமுணுத்தோம், அவ்வளவே.

நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது இறக்குமதியே. அப்படியானால் நாமே விளைவித்துக்கொள்ளலாகாதா என்று மாணவர் கேட்பது இயல்பு. 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்ற இலக்கு 2019இல் அறிவிக்கப்பட்டது. வேளாண்மைக்குக் கிடைப்பதோ மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அடுக்குப் பண்ணையில் கீரை வளர்க்க விளக்கொளியும் குளிரூட்டலும் வேண்டும். அந்த மின்கட்டணம் கீரையின் விலையில் ஏறுகிறது. கடையில் இரு கட்டுகளை அருகருகே பார்க்கும் நம்மில் பலர் மலிவானதையே எடுக்கிறோம். பண்ணைகள் சில மூடப்பட்டன. 2025 நவம்பரில் அந்த இலக்கு கைவிடப்பட்டு, 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு என்று புதிதாக வகுக்கப்பட்டது.

முட்டையில் மட்டும் நாம் ஏற்கெனவே தேறியிருக்கிறோம். மூன்றே பண்ணைகள் நம் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தருகின்றன. ஆனால் அக்கோழிகள் கொத்தும் மக்காச்சோளமும் சோயாவும் கப்பலில் வருகின்றன. உள்ளூர் முட்டைக்குள்ளும் வெளிநாட்டு வயல் இருக்கிறது என்பதை வகுப்பறையில் சொல்லத் தவறக்கூடாது.

அரிசிக்கு இங்கு வயலே இல்லை. அதனால் வெள்ளை அரிசி இறக்குமதியாளர்கள் தம் மாத இறக்குமதியைப்போல் இருமடங்கைக் கிடங்கில் இருப்பு வைக்கவேண்டும் என்பது விதி. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, அந்த இருப்பு கைகொடுக்கத் தயாராக இருந்தது. தாய்லாந்து, வியட்னாம் அரிசியும் வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் இந்தியாவுடன் பேசியது. நட்புறவைக் கருதி, ஆகஸ்டு மாதம் நமக்குத் தனி ஒதுக்கீடு தர இந்தியா இணங்கியது.