நாலு கோடும் நிக்குது, பணம் போகல

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் நள்ளிரவை ஒட்டி ஊஞ்சல் உற்சவம். செஞ்சி, திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி, சென்னை என்று நாலா பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்து ஆளை இறக்கிக்கொண்டே இருக்கும். மற்ற நாட்களில் அமைதியாகக் கிடக்கும் தாலுகா தலைநகரம், அன்று பொழுது சாய்ந்ததும் கால் வைக்க இடமில்லாத ஊராகிவிடும். அந்த நேரத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கிற கடைகளின் முன்னால் இப்படி ஒரு பேச்சு ஓடும்:

“ஸ்கேன் பண்ணிட்டேண்ணா, சுத்திக்கிட்டே இருக்குது.”

“பொட்டி பேசலியேம்மா.”

“நாலு கோடும் நிக்குதுண்ணா, ஆனா போக மாட்டேங்குது.”

“சில்லறையா இருந்தா குடுத்துடும்மா, பின்னால ஆளு நிக்குது.”

5ஜி வந்துவிட்டது, 6ஜி வரப்போகிறது, செயற்கைக்கோள் நேரே கைபேசியோடு பேசப்போகிறது என்று ஏதாவது ஓர் அறிவிப்பு வாரந்தோறும் வருகிறது. எதைப் படித்தாலும், அமாவாசை ராத்திரி பத்து மணிக்கு இந்தக் கற்பூரக் கடைக்கு அது என்ன செய்யும் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அறிவிப்புகளில் இருப்பதெல்லாம் வேகம். ஆளில்லாத நேரத்தில், செல்பேசிக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று அளந்த வேகம். இந்த ஊருக்கு வேண்டியது வேறு.

முதலில் அந்த நாலு கோடு. செல்பேசிக் கோபுரம் இடைவிடாமல் ஓர் அடையாள அலையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் கோடுகள் காட்டுகின்றன. அதே கோபுரத்தை இன்னும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. ஆகவே கோடு முழுசாக இருப்பதும் பணம் போகாமலிருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இயங்கும் ஒரு 4ஜி ஆண்டெனா, தான் பார்க்கும் திசையில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துச் சராசரியாக விநாடிக்கு 40 மெகாபிட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஆளுக்கு 40 கிலோபிட். அம்மன் ஊஞ்சலில் இருக்கும் படம் ஒன்று, 3 மெகாபைட், ஊருக்குப் போய்ச்சேரப் பத்து நிமிடம் ஆகும். இங்கே கூடுவதோ ஆயிரங்களைத் தாண்டிய கூட்டம்.

ஆனால் பணம் அனுப்புவதற்குப் படம் அளவுக்குத் தரவு வேண்டாமே? சில கிலோபைட் போதும். அதுவும் ஏன் சிக்குகிறது? இதற்கான பதில் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது.

1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தீவுகளில் இருந்த கணினி முனையங்களை வானொலி அலை வழியே தலைமைக் கணினியோடு இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசை, முறை வைக்க யாரும் கிடையாது. தோன்றும்போது அனுப்பு, இன்னொருவர் செய்தியோடு மோதிவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பு. இப்படி நடத்தினால் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கு சொன்னது. நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் திருத்தியதும் அது 37 சதவீதம் ஆனது. அந்த உச்சத்தைத் தாண்டி முயற்சி கூடக்கூட வெற்றி கூடுவதில்லை, குறைகிறது. கூட்டம் போதுமான அளவு பெருகினால் யாருடைய செய்தியும் போய்ச்சேராது. ஏறின எல்லாரும் ஒரே நேரத்தில் டிக்கெட் கேட்டுக் கத்தினால் கண்டக்டர் காதில் ஒரு ஊர்ப்பெயரும் விழாது, ஆளுக்கு ஆள் இன்னும் சத்தமாகக் கத்துவார்கள், அதே கதைதான்.

இன்றைய கைபேசியும் கோபுரத்தோடு பேச்சைத் தொடங்குவது இந்த அலோஹாவின் வழிவந்த முறையில்தான். சும்மா கிடக்கும் போன் எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் முதலில் ஒரு சிறு குறிப்பொலியை அனுப்பி இடம் கேட்கிறது. 4ஜியில் மொத்தம் 64 குறிப்பொலிகள். போன் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். அதே கணத்தில் இன்னொரு போன் அதையே எடுத்திருந்தால் மோதல், ஒருவருக்கோ இருவருக்குமோ தோல்வி, காத்திருந்து மறுமுயற்சி. சில கிலோபைட் பணப்பேச்சு, அலைக்கற்றையில் இடம் கிடைத்த பிறகு சிக்குவதில்லை. இடம் கேட்கும் இந்த முதல் கட்டத்திலேயே விழுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு நாமும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறோம். கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் இருப்பவரிடம், அமுக்காதீர்கள், அமுக்க அமுக்கக் கெடும் என்று சொல்லிப் பயனில்லை; ஆனால் உண்மை அதுதான்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. பணம் வந்ததை அறிவிக்கும் கடைக்காரரின் பேசும் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. வாங்குபவர் அனுப்பும் கோரிக்கை அவருடைய செயலிக்கான வங்கி வழியே தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்குப் போய், அங்கிருந்து அவர் கணக்குள்ள வங்கி, கடைக்காரரின் வங்கி என்று சுற்றி, இரண்டு பதில்களாகத் திரும்பி வரவேண்டும். ஒன்று வாங்கியவர் போனுக்கு, இன்னொன்று பெட்டிக்கு. இரண்டும் இறங்குவது அநேகமாக அதே நெரிசல் பிடித்த கோபுரத்தில். பணம் உண்மையிலேயே போய்ச்சேர்ந்த பிறகும் பெட்டி ஊமையாக இருப்பது இதனால். 2016இல் தொடங்கிய இந்த யுபிஐ முறை, 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. அசாத்தியமான சாதனை, சந்தேகமில்லை. ஆனால் பத்து ரூபாய்க் கற்பூரத்துக்கும் இத்தனை இடம் சுற்றி வரவேண்டிய அமைப்பு அது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இதற்குக் கம்பெனிக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பக்கமும் ஒரு பழைய கணிதம் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங், 1909இல் அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்பதை நிகழ்தகவுக் கணக்காக மாற்றினார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் தாங்கும் அளவுக்கு யாரும் கம்பி இழுப்பதில்லை. வழக்கமான நெருக்கடி மணி நேரத்தில் நூற்றில் ஓரிரு அழைப்பு தவறினால் பரவாயில்லை என்று வைத்துத்தான் இழுக்கிறார்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று இரவுகளுக்காக ஊரில் பத்து மடங்கு கருவியை நிரந்தரமாக நட்டு வைக்க எந்த வணிகக் கணக்கும் இடம் தராது.

சரி, 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் தொடங்கிய 5ஜி இதைத் தீர்க்காதா? கொஞ்சம் தீர்க்கும். அதற்கு 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைக்கற்றை கிடைத்திருக்கிறது. அதன் ஆண்டெனாத் தட்டில் இருக்கும் பல சிறு ஆண்டெனாக்கள் சேர்ந்து, ஆளுக்கொரு திசையில் தனித்தனிக் கற்றையாக அலையைக் குவிக்கும். ஒரே அலைவரிசையைப் பல பேருக்குப் பங்கிடலாம். அருமையான பொறியியல். ஆனால் கற்றைகளைப் பிரிக்க ஆட்கள் வெவ்வேறு திசையில் இருக்க வேண்டும். ஊருக்கு ஓரத்தில் நிற்கும் கோபுரத்திலிருந்து பார்த்தால், ஊஞ்சல் மண்டபத்தைப் பார்த்து நெருக்கியடித்து நிற்கும் மொத்தக் கூட்டமும் ஏறக்குறைய ஒரே திசை. அதோடு இந்த உயர் அலைவரிசையை மனித உடல் நன்றாகவே தடுக்கும். முன்னால் நிற்பவரின் தோள் நமக்கு ஒரு சுவர்.

5ஜி பற்றிய விளம்பரங்களில் ஒரு சதுர கிலோமீட்டரில் 10 லட்சம் கருவிகள் என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். பொய் இல்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதித்த நிபந்தனைதான் அது. அதன் சோதனை முறையைப் படித்தால்தான் விஷயம் விளங்கும்: ஒவ்வொரு கருவியும் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 32 பைட் அனுப்பும் என்று வைத்துப் போட்ட கணக்கு. தண்ணீர் மீட்டருக்குச் சரி. மொட்டை போட்ட குழந்தையைப் பாட்டிக்கு வீடியோ காலில் காட்ட நினைப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். உலகத் தரநிலைகளை எழுதியவர்கள் கிராமம் என்றதும் நெடுஞ்சாலையில் காரில் பறப்பவரை மனதில் வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஆள் காரில் பறப்பதில்லை, நடந்து போகிறார். ஊராட்சி வரைக்கும் கண்ணாடி இழை வந்து நிற்கும், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு அலை எட்டினால் போதும். ஐஐடி ஹைதராபாத், ஐஐடி மெட்ராஸ், அதன் வளாகத்திலிருக்கும் கம்பியில்லாத் தொழில்நுட்ப மையமான செவிட் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இதை வலியுறுத்த, கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் என்ற இந்தியக் கிராமச் சூழலை 2017இல் பன்னாட்டு ஒன்றியம் தன் சோதனைகளில் சேர்த்தது. அதற்காக உருவான 5ஜிஐ என்ற இந்தியத் தரநிலையும் 2021இல் அங்கீகாரம் பெற்று, பிறகு உலகப் பொதுத் தரநிலையோடு கலந்தது.

ஆனாலும் ஒன்றியத்தின் அந்தச் சோதனை அட்டவணையில் கிராமம் ஒரு வரிசை, நெரிசல் நகரம் இன்னொரு வரிசை. மாதத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் நகரமாகிவிடும் கிராமத்துக்கு வரிசை இல்லை. மேல்மலையனூர் தனி ஊரும் அல்ல. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, ஆடிக்கு எத்தனையோ அம்மன் கோயில்கள், தைப்பூசத்துக்குப் பழநி. நம் ஊர்களின் சுபாவமே இதுதான் என்று சொல்லலாம்.

செயற்கைக்கோள் இணையம் பற்றி எனக்கு இரண்டு மனது. 2025 டிசம்பர் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 ராக்கெட் ஏற்றிச் சென்ற புளூபேர்ட் செயற்கைக்கோள், சாதாரணக் கைபேசியோடு நேரே பேசுவதற்கென்று செய்யப்பட்டது. கல்வராயன் மலையில் டவரே எட்டாத ஒரு குடியிருப்பில் பிரசவ வலி வந்த பெண்ணுக்கு இது வரம். ஆனால் விண்ணிலிருந்து வரும் ஒரு கற்றை தரையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விழுகிறது. அதற்குள் இருக்கும் அத்தனை பேரும் அந்த ஒரு கற்றையைப் பங்கிட வேண்டும். ஆள் குறைந்த இடத்துக்கு ஏற்றது. ஆள் கூடும் இடத்தில் கோபுரத்தைவிட மோசமாகத்தான் திணறும்.

இன்னொரு புதுமை, நெரிசலை முன்கூட்டியே ஊகித்து வலையமைப்பைத் தானே மாற்றியமைக்கும் செயற்கை நுண்ணறிவு. நல்லதுதான். ஆனால் இங்கே ஊகிக்க என்ன இருக்கிறது? அடுத்த ஆண்டின் அத்தனை அமாவாசைகளும் தினசரிக் காலண்டரில் அச்சாகிச் சுவரில் தொங்குகின்றன. மாசியில் மயானக்கொள்ளைக்கும் தேருக்கும் கூட்டம் இன்னும் பெருகும் என்பதும் ஊருக்கே தெரியும். 2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்குச் செய்ததுபோல் வண்டியில் ஏற்றி வரும் தற்காலிகக் கோபுரங்களைச் சிறிய அளவில் நிறுத்தலாம். தாழ்வான உயரத்தில் பல சிறு ஆண்டெனாக்கள், ஒவ்வொன்றும் நூறு இருநூறு பேரை மட்டும் பார்க்கும்படி. பின்னால் கண்ணாடி இழை. அதிசயம் எதுவும் தேவையில்லை.

நான் கொஞ்சம் ஆவலாகப் பார்ப்பது அலையே தேவைப்படாத பணத்தை. யுபிஐ லைட்டில் போனிலேயே 5,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமல் செலுத்தலாம். 2023இல் வந்த லைட் எக்ஸ் ஒரு படி மேலே போய், இரண்டு போன்களை ஒட்டி வைத்தால் இணையமே இல்லாமல் பணம் கைமாறச் செய்கிறது. ரிசர்வ் வங்கி சோதித்துவரும் டிஜிட்டல் ரூபாய்க்கும் இதே ஆசை உண்டு. இதில் உள்ள சிக்கல், நகல். இணையம் இல்லாத நேரத்தில் ஒரே நூறு ரூபாயை இரண்டு கடையில் கொடுத்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? போனுக்குள் எளிதில் திறக்க முடியாதபடி கணக்கைப் பூட்டி வைத்து, தொகைக்குச் சிறிய உச்சவரம்பு போட்டுச் சமாளிக்கிறார்கள். மலிவு போன்களில் அருகலைத் தொடர்பு வசதி இல்லாததுதான் இப்போதைய தடை. பத்து ரூபாய் வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி கண்ணில் படவில்லை.

ஒருவர் பேசிப் பலர் கேட்கும் முறைக்கும் நெரிசல் பொருட்டில்லை. 2023இல் உங்கள் போன் திடீரென்று அலறி ஒரு சோதனைச் செய்தியைக் காட்டியது நினைவிருக்கலாம். சி-டாட் உருவாக்கிய அந்த அலைபரப்பு முறையில் கோபுரம் ஒரே ஒரு முறை சொல்லும், பத்து போன் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் எல்லாம் கேட்கும், யாரும் இடம் கேட்க வேண்டாம். எந்த வழி அடைத்திருக்கிறது, எங்கே பஸ் நிற்கிறது என்பதை இப்படிச் சொல்லலாம். இதுவரைக்கும் அந்த வேலையை மைக் செட்தான் பார்க்கிறது. காணாமல்போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லி அழைப்பதில் அதற்கு இணை இன்னும் வரவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் அளக்கும் முறை மாற வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024இல் கொண்டுவந்த தரவிதிகள், சேவைத்தரத்தைக் காலாண்டுக்கு ஒரு முறை பார்ப்பதை மாதத்துக்கு ஒரு முறை என்று இறுக்கின. முன்னேற்றம்தான். என்றாலும் முப்பது நாள் சராசரியில் ஓர் இரவின் ஆறு மணி நேரம் காணாமல் போய்விடுகிறது. இருபத்தொன்பது நாள் நன்றாக இருந்த கோபுரத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். மேல்மலையனூர்க் கோபுரங்களுக்கு அமாவாசை இரவு எட்டு மணி முதல் இரண்டு மணி வரை தனிக் கணக்கு எடுத்து வெளியிடச் சொல்லலாம். முதல் முயற்சியிலேயே எத்தனை போன்களுக்கு இடம் கிடைத்தது என்ற ஒரே ஒரு எண் போதும். அது நிறுவனங்களின் கணினிகளில் பதிவாகக்கூடியதுதான்.