சும்மா இருக்கிற நேரத்து வேலையா இது?

கடமலைக்குண்டில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு ஆசி சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவள் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் என் கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டேன். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற மயில், அதன் காலடியில் வெடித்த இலவங்காய், பஞ்சு பறக்கிற மாதிரி வெள்ளை மணிகள்... என் மயில்! எங்கள் மயிலாடும்பாறைப் பக்கத்து இலவ மரத்தைப் பார்த்து, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் வரைந்த மயில்!

பெண்ணின் தாயார் எனக்கு மதினி முறை. “ஜாக்கெட் ரொம்ப அழகு மதினி, எங்கே தைச்சீங்க?” என்று கேட்டேன்.

“தேனியிலதான். தையக்கூலியோட சேர்த்து ஆறாயிரத்து ஐநூறு வாங்கிட்டாங்க. அவங்க கடையிலயே பெரிய டிசைனர் இருக்காங்களாம்ல!”

அந்தப் ‘பெரிய டிசைனர்’ அவர்கள் எதிரிலேயே நிற்கிறாள் என்று எப்படிச் சொல்வேன்? அதே மாதிரி ஒரு ஜாக்கெட்டுக்கு எனக்குக் கிடைத்த கூலி 700 ரூபாய். அதிலும், மணி சிந்திவிட்டது என்று 60 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

சகோதரிகளே, இது என் ஒருத்தியின் புலம்பல் என்றால் எழுதவே மாட்டேன். ஆரி வேலை, எம்ப்ராய்டரி, குரோஷா, மணி கோர்த்தல், கோலப் பலகை வரைதல் என்று வீட்டிலிருந்தபடியே கைவேலை செய்து நாலு காசு பார்க்க நினைக்கும் எத்தனையோ பேருக்கு இதே கதை நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏமாந்தது எப்படி?

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. கைவேலையில் மட்டும் சின்ன வயதிலிருந்தே ஆசை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஆரி கற்றுக்கொண்டேன். அந்தக் கடைக்காரப் பெண் என்னைவிட இளையவள். இனிக்க இனிக்கப் பேசினாள். “மூணு மாசம் பழகுங்கக்கா. அப்புறம் மாசம் எட்டாயிரம் சம்பளம். உங்க கைக்கு நீங்க டிசைனராவே இருக்கலாம்” என்றாள்.

மூன்று மாதம் கூலியில்லாமல் செய்தேன். “சாம்பிளுக்கு ஒண்ணு வரைஞ்சு குடுங்கக்கா” என்றபோதுதான் அந்த மயிலை வரைந்து கொடுத்தேன். நாலாம் மாதம் சம்பளத்தைக் கேட்டதும், “இப்ப ஆர்டர் டல்லா இருக்குக்கா, உருப்படிக்குக் கணக்குப் போட்டுத் தர்றேன்” என்றாள். டல்லாக இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேலும் எனக்கு ஏன் வேலை வந்தது? அதை நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்!

கல்யாண வீட்டிலிருந்து வந்த ராத்திரி, பையனின் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ஜாக்கெட்டுக்கு எனக்கு ஆகும் நேரம் 34 மணி. கைக்கு வந்தது 640 ரூபாய். மணிக்கு 19 ரூபாய்கூட இல்லை! 2025-26-ல் நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 42 ரூபாய் ஆகிறது. மண்வெட்டி பிடிக்கிற கைக்குக் கிடைப்பதில் பாதிகூட ஊசி பிடிக்கிற கைக்கு இல்லை!

கடைக்காரிக்கும் செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். துணி, மணி, தையல், கடை வாடகை, கரண்ட்டு எல்லாம் இருக்கிறது. லாபமும் வேண்டும்தான். ஆனால் சொன்ன பேச்சு என்ன ஆயிற்று? வரைந்த கைக்கு என்ன மரியாதை?

நரசாப்பூர் சொல்லும் பாடம்

ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாப்பூர் என்று ஓர் ஊர். அங்கே பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து குரோஷா ஊசியில் லேஸ் பின்னுவார்கள். பாதிரிமார்களின் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த வேலை. அந்த லேஸ் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போனது. வியாபாரிகள் செழித்தார்கள்.

மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மையார் அந்தப் பெண்களோடு பழகி ஆராய்ந்து, 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது என்ன தெரியுமா? சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக, அந்தப் பெண்கள் தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். ஆனால் ஊரும் வியாபாரியும் அவர்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை. “வீட்டுப் பெண்கள், சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்” என்றார்கள். தொழிலாளி இல்லை என்றால் கூலியும் கூலி இல்லைதானே? ஏதோ கைச்செலவுக்குக் கொடுப்பது என்று ஆகிவிடுகிறது. அந்தப் பெண்களின் வருமானம் வயலில் வேலை செய்பவர்களுக்கு அரசு வைத்த கூலியையும் எட்டவில்லை.

இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கடைக்காரியும், “சும்மா வீட்ல இருக்கிறதுக்கு இது தேவலைதானேக்கா?” என்றுதான் அடிக்கடி சொல்வாள்! நானும் தலையாட்டியிருக்கிறேன்.

சேர்ந்து கேட்டவர்கள்

ஆமதாபாத்தில் எலா பட் என்ற வழக்கறிஞர், வீட்டிலிருந்து துணி தைக்கும் பெண்களையும், தலைச்சுமைக்காரிகளையும், காய்கறி விற்பவர்களையும் சேர்த்து 1972-ல் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள், “உங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?” என்று தயங்கினார்களாம். சங்கம் யாரையும் எதிர்க்க அல்ல, பெண்கள் ஒன்றாக நிற்க என்று வாதாடித்தான் பதிவு வாங்கினார். 2022-ல் அவர் மறைந்தபோது அந்தச் சங்கத்தில் லட்சக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். நம் சென்னையிலும் ஜெயா அருணாசலம் 1978-ல் உழைக்கும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அது நரசாப்பூர் லேஸ் பெண்களையும் தேடிப் போய்ச் சேர்த்துக்கொண்டது.

சட்டமும் நம்மை முழுக்க மறந்துவிடவில்லை. 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, பொருளை வாங்கிப் போய் வீட்டில் வைத்துத் தைத்து, அலங்கரித்துக் கொடுப்பவரையும் தொழிலாளி என்று சேர்த்திருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு, 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. உருப்படிக் கூலிக்கும் குறைந்தபட்சம் வைக்க அதில் வழியிருக்கிறது.

பாட்டுக்கும் இதே கதைதான்

படிக்காத பெண்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைபுரம், இளையராஜா பிறந்த ஊர். இசைக்குப் பேர்போன மண் என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் பாட்டு எழுதுபவர்களும் இசையமைப்பவர்களும் ராயல்டிக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் போடச் சொன்ன பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் சொந்தக்காரர் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பாட்டு எத்தனை தரம் ஒலித்தாலும் போட்டவருக்குப் பங்கு கேட்க வழியில்லாமல் போயிற்று. 2012-ல் சட்டம் திருந்திய பிறகுதான், தியேட்டரில் படமாக ஓடுவது தவிர மற்ற உபயோகங்களுக்கு அவர்களின் ராயல்டி பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்று ஆயிற்று. நடுவில் 35 வருஷம்!

அந்தச் சட்டம் என் மயிலுக்காக வந்தது அல்ல. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்கிற மூன்று சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பேசி எழுதிக்கொள்ளாத வேலை, கொடுப்பவர் பக்கமே சாய்ந்துவிடும்.

உடம்பும் கணக்கில் உண்டு

கூலியில் வராத இன்னொரு செலவு நம் உடம்பு. எட்டு மாதத்தில் எனக்குக் கழுத்து வலி வந்தது, கண்ணில் நீர் வடிந்தது, கடைசியில் கண்ணாடியும் போட்டாயிற்று. குனிந்த தலை நிமிராமல் வேலை செய்யாதீர்கள். ஸ்டாண்டை மார்பு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து தூரத்து மரத்தையோ மலையையோ பாருங்கள். ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்து நடந்து, தண்ணீர் குடியுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மணி, ஜமிக்கி, ஊசியை மூடியுள்ள டப்பாவில் உயரத்தில் வைப்பது அவசியம். மணி குழந்தையின் தொண்டையிலோ மூக்கிலோ போய்விட்டால் ஆபத்து.

ஊசி எடுக்கும் முன்னால்

* ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது கூலி அல்ல. உருப்படிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், என்னென்ன பிடிப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

* பயிற்சிக் காலம் என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். நீங்கள் பயிற்சியில் செய்ததைக் கடையில் விற்றால் அது பயிற்சி அல்ல, வேலை.

* பேசியதை எழுதி வாங்குங்கள். பத்திரம் வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் “நீங்க சொன்னபடி ஜாக்கெட்டுக்கு இவ்வளவு” என்று அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கினாலும் போதும், ஆதாரமாக இருக்கும்.

* ஒரு நோட்டு போடுங்கள். வாங்கிய பொருள், செய்த மணி நேரம், கொடுத்த தேதி, வந்த பணம் என்று எழுதி வாருங்கள். நேரத்தை எழுதாவிட்டால் நம் உழைப்பு நமக்கே தெரியாது.

* சொந்தமாக வரைந்த டிசைனைத் தேதி போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரைவதற்குத் தனிக் கூலி கேளுங்கள்.

* தமிழ்நாடு அரசின் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, முதுமை ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பிறகு நடந்தது

மறுவாரம் பஸ் ஏறித் தேனிக்குப் போனேன். என் கணவர், “நானும் வரட்டுமா?” என்றார். “வேணாங்க, நானே பேசிக்கிறேன்” என்றேன். நோட்டை விரித்து, நிலுவை 2,150 ரூபாய் என்று காட்டினேன். அந்தப் பெண் முகம் சுருங்கியது. “நம்ம அக்கான்னு நினைச்சா, இப்படிக் கணக்குப் பேசுறீங்களே!” என்றாள்.

“அக்காதான் தாயி. அதனாலதான் எட்டு மாசம் பேசாம இருந்தேன்” என்றேன். 1,500 கொடுத்தாள். மீதி இன்னும் வரவில்லை.

இப்போது எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து, கடமலை, மயிலை, வருசநாட்டுப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு நேரடியாகச் செய்து கொடுக்கிறோம். முகூர்த்த மாதங்களில் கை நிறைய வேலை வருகிறது, ஆடியில் ஒன்றுமில்லை. கஷ்டம்தான். எங்களில் ஒருத்தி பணமுடையால் அதே கடைக்குத் திரும்பப் போனாள். அவளை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் போகும்போது ஜாக்கெட்டுக்கு 1,400 என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போனாள். 700-ஐ 1,400 ஆக்கியது யார் என்கிறீர்கள்? அந்த நாலு வரி எழுத்துதான்.

பருப்பு வாங்கினால் விலை கேட்கிறோம், முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுகிறோம். நம் உழைப்புக்கு மட்டும் ஏன் வாய் அடைத்துப்போகிறது? கூலி கேட்பது பேராசையும் அல்ல, அவமானமும் அல்ல. நீங்களும் இன்றே ஒரு நோட்டு போடுங்கள் சகோதரிகளே!