பையனுக்கு வயது 14, எலும்புக்கு எத்தனை?

பிறப்புச் சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று குழந்தை பிறந்த தேதி, இன்னொன்று அந்தப் பிறப்பைப் பதிவு செய்த தேதி. சிறுவர் அணிக்கு ஆள் சேர்க்கிறவர்கள் அக்கறையாகப் பார்க்க வேண்டியது இரண்டாவதை. பிறந்த 21 நாளுக்குள் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு தேதிகளுக்கும் நடுவே சில நாள்தான் இடைவெளி இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமானால், முன்பு நீதித்துறை நடுவர், இப்போது கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவு போட்டால்தான் பதிய முடியும். அப்படிப் பதிந்ததெல்லாம் மோசடி இல்லை. வீட்டில் பிறந்து பதிவு விட்டுப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் பத்து வருடம் பதியாமல் இருந்த பிறப்பு, பையன் அண்டர்-14 அணிக்குத் தேர்வாகிற வருடம் பார்த்துப் பதிவாகியிருந்தால், அந்தத் தாளை இன்னொரு முறை படிப்பதில் தப்பில்லை.

திருவெறும்பூரில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடி என்.ஐ.டி., இந்தப் பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை என்று நிரந்தர வேலையும் கல்லூரி சீட்டும் கண்ணுக்கு எதிரே நிற்கிற ஊர் இது. சாயங்காலம் டவுன்ஷிப் மைதானங்களில் ஓடும் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோருக்குக் கணக்கு தெரியும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வேயில் தனியாக விளையாட்டு ஒதுக்கீடு. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் திருச்சி சுபா வெங்கடேசனும் டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டம் ஓடியதைப் பார்த்த ஊர் வேறு. ஆசை நியாயமானது. அந்த ஆசையோடு ஒரு வருடத்தைக் குறைத்து எழுதினால் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்கும் என்று யாராவது காதில் போடும்போதுதான் வினை.

பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு; நம் பி.இ.டி. சார்கள் வாயில் இளையோர், மூத்தோர், மிக மூத்தோர். குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறும். இந்தப் பிரிவுகள் எதற்கு? பதிமூன்று வயதுப் பையனுக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் நடுவே இருப்பது மூன்று வருடம் மட்டுமில்லை. அந்த மூன்று வருடத்தில்தான் பல பையன்களுக்குத் தோள் விரிகிறது, தசை ஏறுகிறது, காலில் வேகம் வருகிறது. நூறு மீட்டரில் அது பதக்கத்தை மாற்றும். கபடியிலும் கால்பந்திலும் எதிரே நிற்கிற சின்னப் பையனின் முழங்காலை மாற்றும்.

கபடிக்காரர்கள் இதைப் பழைய வழியில் சமாளித்தார்கள். கிராமத்துப் போட்டி நோட்டீஸிலேயே எத்தனை கிலோ அணி என்று அச்சடித்திருக்கும். களத்துக்குப் பக்கத்தில் எடை மெஷின் இருக்கும். ஏறி நின்றால் முள் சொல்லிவிடும். வயதுக்கு அப்படி ஒரு மெஷின் இல்லை என்பதுதான் இந்தக் கதை முழுவதும்.

நம் ஊரில் பிறந்த தேதி என்பதே ரொம்ப நாள் நெகிழ்வான சமாச்சாரமாக இருந்தது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காது எட்டினால் ஐந்து வயது என்று எழுதிப் பள்ளியில் சேர்த்த தலைமுறை இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால் மே மாதத்திலும் ஜூன் முதல் தேதியிலும் பிறந்தவர்கள் அந்தத் தலைமுறையில் அளவுக்கு மீறி அதிகம். அந்தத் தேதிகளைக் கொடுத்தவர்கள் தலைமையாசிரியர்கள். அப்போது அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. விளையாட்டில் அப்படியில்லை, ஒருவன் வயதைக் குறைத்தால் உரிய வயதுள்ள இன்னொருவன் அணியை விட்டு வெளியே போகிறான்.

தாள் பொய் சொல்லும் என்று தெரிந்த பிறகுதான் எலும்பைக் கேட்க ஆரம்பித்தார்கள். இந்திய கிரிக்கெட் வாரியம் 2012 முதல் சிறுவர் கிரிக்கெட்டில் டி.டபிள்யூ.3 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. பையன் இடது கையைத் தட்டின் மேல் விரித்து வைக்க வேண்டும், எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒரு நிமிட வேலை. மணிக்கட்டிலும் விரல்களிலும் எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் கறுப்பாக மெல்லிய கோடு தெரியும். அது வளர்ச்சித் தட்டு. அந்த இடம் இன்னும் குருத்தெலும்பாக இருக்கிறது, பையன் இன்னும் வளர்கிறான் என்று பொருள். வயது ஏற ஏற கோடு குறுகும், ஒரு நாள் மறைந்தே போகும். பதிமூன்று எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போட்டுக் கூட்டினால் வருவது எலும்பு வயது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. இந்த அளவுகோல் பையன்களுக்கு 16.5 வயதோடும் பெண்களுக்கு 15 வயதோடும் முடிந்துவிடும். அதற்கு மேல் எல்லாருக்கும் ஒரே விடைதான். பதினேழு வயதுக்காரனும் இருபத்திரண்டு வயதுக்காரனும் அந்தப் படத்தில் ஒன்று. ஆகவே அண்டர்-16 பிரிவுக்கு வேலை செய்யும் இந்தச் சோதனை, அண்டர்-19 பிரிவில் கையை விரித்துவிடும். பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதும் இதே அடிப்படையில்தான். அந்த வயதுக்குள் எலும்பு முழுதாக மூடிக்கொள்வது மிக அபூர்வம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எலும்பு நாள்காட்டி பார்த்து வளர்வதில்லை. சத்தான சாப்பாடு, பரம்பரை, நோய் எல்லாம் அதை முன்னும் பின்னும் தள்ளும். ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணையோ பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பிள்ளைகளின் படங்களிலிருந்து வந்தது. சீக்கிரம் வளர்ந்துவிட்ட நேர்மையான பையன் தோற்கலாம். தாமதமாக வளர்கிற பொய்க்காரன் தேறலாம். அதனால்தான் எக்ஸ்ரேயை ஒரே சாட்சியாக வைத்துத் தண்டனை கொடுப்பது நியாயமாகாது.

குற்றச்சாட்டே தண்டனையாகிவிடும் ஆபத்தும் உண்டு. பேட்மின்டன் வீரர் லக்ஷயா சென் பிறந்த தேதியைத் திருத்தியதாக அவர் மீதும் குடும்பத்தார், பயிற்சியாளர் மீதும் வழக்குப் பதிவானது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய மறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம்தான் ரத்து செய்தது. அதற்குள் அவர் ஒலிம்பிக்கே ஆடிவிட்டார். எதிரணியில் நன்றாக ஆடுகிற பையனைப் பார்த்ததும் ‘ஓவர் ஏஜ்’ என்று கத்துகிற பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, மாட்டினால் என்ன? கிரிக்கெட் வாரியம் 2020 ஆகஸ்டில் ஒரு வாய்ப்பு கொடுத்தது: தவறான தேதி கொடுத்தவர்கள் குறித்த நாளுக்குள் தாங்களே வந்து ஒப்புக்கொண்டால் தடை இல்லை, சரியான வயதுப் பிரிவில் ஆடலாம், மறைத்து மாட்டினால் இரண்டு வருடத் தடை. மற்ற விளையாட்டுகளுக்கு மத்திய அரசின் வயது மோசடித் தடுப்பு விதி 2010இலேயே வந்தது. அதைத் திருத்தி 2025 மார்ச்சில் வெளியிட்ட வரைவில், பதிவின்போதே மூன்று ஆவணங்கள், முதல் முறை சிக்கினால் இரண்டு வருடத் தடை, இரண்டாம் முறை ஆயுள் தடை, துணைபோன பயிற்சியாளர்களுக்கும் தண்டனை என்று இருந்தது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பத்து வயதுப் பையன் தானாகப் போய்ச் சான்றிதழ் திருத்துவதில்லை. ராகுல் திராவிட் 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் பேசியதும் இதைத்தான்: பெற்றோரும் கோச்சும் சேர்ந்து தேதியை மாற்றும்போது, ஏமாற்றலாம் என்ற முதல் பாடத்தை அவர்களே அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடரில் டேனி அல்மான்டே என்ற பையன் ஒரு ஆட்டத்தில் பந்தெறிந்து எதிரணியில் ஒருவரைக்கூடத் தளம் தொடவிடவில்லை. நாடே கொண்டாடியது. பிறகு டொமினிக்கன் குடியரசுப் பதிவேட்டைத் தோண்டியபோது பையனுக்குப் பதினாலு வயது. பிறந்து பல வருடம் கழித்து அப்பா இன்னொரு பதிவு செய்திருந்தார். அணியின் வெற்றிகள் எல்லாம் அழிக்கப்பட்டன. ஆனால் வாழ்நாள் தடை விழுந்தது பையன் மேல் இல்லை, அப்பா மேலும் அணியை நடத்தியவர் மேலும்.

அமெரிக்காவிலேயே லாக்ரோஸ் என்ற ஆட்டத்தில் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. நுனியில் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிகிற, உடலோடு உடல் மோதுகிற ஆட்டம் அது. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம் கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது, ஆகவே நம் பக்கமும் பேச்சு அடிபடலாம். அங்கே கிளப் அணிகள் பல பிறந்த தேதியைப் பார்க்காமல் பையன் எந்த வருடம் பள்ளி முடிப்பான் என்பதைப் பார்த்துப் பிரிக்கின்றன. சில பெற்றோர் நன்றாகப் படிக்கிற பையனையே ஒரு வருடம் அதே வகுப்பில் நிறுத்திவைக்கிறார்கள். அணியில் அவனே பெரியவன். பொய்ச் சான்றிதழ் இல்லை, சட்ட மீறல் இல்லை. அடி வாங்குகிற சின்னப் பையனுக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் ஆறுதல் தராது. பிறந்த தேதியை வைத்தே பிரியுங்கள் என்று அந்த ஆட்டத்தின் தேசிய அமைப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது.

தேதி சரியாக இருந்தாலும்கூட முழுச் சமநிலை வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிக அதிகம் என்று ரோஜர் பார்ன்ஸ்லி 1980களில் காட்டினார். கெடு தேதி ஜனவரி 1 என்பதால் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது பெரியவன். கோச் அவனைத் திறமைசாலி என்று நினைத்துப் பொறுக்குகிறார். நம் பள்ளிப் போட்டிகளிலும் இதே கணக்கு ஓடும். டிசம்பரில் பிறந்த பிள்ளை சற்றுப் பின்தங்கினால் பொறுத்திருங்கள். தேதியைத் திருத்தப் போகாதீர்கள்.

திருத்துவதும் இப்போது முன்புபோல் சுலபமில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பிறந்த தேதி பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் ஒன்று, டி.சி.யில் வேறொன்று என்றால் பல்லிளித்துவிடும். ஆதார் அட்டையைக் காட்டித் தப்பலாம் என்றால், அது பிறந்த தேதிக்கு ஆதாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஒரே ஆவணம். ஆனால் இன்று மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் எல்லாரும் அதற்கு முன்பே பிறந்தவர்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் பழைய தாள்களை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

வயதைக் குறைத்து ஜெயித்த பையன் என்ன ஆவான்? பதினாலு வயதுப் பிரிவில் உடம்பால் ஜெயித்தவனுக்கு நுணுக்கம் கற்க அவசியமே வந்திருக்காது. மற்றவர்கள் வளர்ந்து எட்டிப்பிடிக்கும்போது அவன் சாதாரண ஆட்டக்காரன். வேலையில் சேர்ந்தாலும் அந்தப் பொய்த் தேதி கூடவே வரும். அரசுப் பணியில் அதை மாற்றக் கேட்பதற்குக் கிடைப்பது முதல் ஐந்து வருடம் மட்டும்.

ஆகவே திருவெறும்பூர்ப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை முகாமிலோ கிளப்பிலோ பிள்ளையைச் சேர்க்கும்போது என்ட்ரி பாரத்தைக் கோச்சே நிரப்பிக்கொள்ளட்டும் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறந்த தேதியை நீங்களே எழுதுங்கள், அனுப்பிய பாரத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் குறைத்துப் போடலாம் என்று எந்தக் கோச்சாவது சொன்னால் அன்றைக்கே பிள்ளையை வேறு கிளப்புக்கு மாற்றுங்கள், சங்கத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.